எழுதிக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?

அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு நெருங்குவதை மூக்கே சொல்லிவிடும். காற்றில் கரும்புப் பாகு வாசனை. ரோட்டின் ஓரத்தில் டிராக்டர் டிப்பர்கள், லாரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கரும்புக் கட்டு. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் இது. ஒரு பக்கம் தென்பெண்ணை, தூரத்தில் கல்வராயன் மலை. நடுவில் கரும்பு, நெல், மரவள்ளி.

இப்படி ஓர் ஊருக்குள் கையில் ஃபைலோ டேப்லெட்டோ வைத்துக்கொண்டு ஒரு பெண்ணோ பையனோ வந்து, "சர்வே எடுக்க வந்திருக்கோம்மா, ஒரு அரை மணி நேரம் பேசலாமா?" என்றால் முதலில் வருவது ஒரு எதிர்க்கேள்விதான்.

"எழுதிக்கினு போயி இன்னா பண்ணுவீங்க? எதுனா குடுப்பாங்களா?"

ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கும். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்புகிறவர்கள்தான் அதிகம். நியாயமான கேள்வி. பதிலைத் தேட ஆற்றோடு கொஞ்சம் கீழே போக வேண்டும். ஒரு நூறு வருடம் பின்னாலும் போக வேண்டும்.

சேறு பட்ட ஊர்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று கரையோர ஊர்களெல்லாம் அந்த நடு ராத்திரியை இன்னும் மறக்கவில்லை. அகரம்பள்ளிப்பட்டில் திறந்து சில மாதங்களே ஆன புதுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது.

அதற்கு அடுத்த நாள் ஒரு காட்சி எல்லா டிவியிலும் வந்தது. விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில், நிவாரணம் வரவில்லை என்று மக்கள் சாலை மறியல் செய்தார்கள். பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. இரண்டு நாள் அதைப் பற்றியே பேச்சு. யார் வீசினார்கள், எந்தக் கட்சி, எதற்கு வீசினார்கள் என்று விவாதம்.

அந்த விவாதங்களில் கவனிக்கப்படாத ஒரு சங்கதி உண்டு. இருவேல்பட்டு சாதாரண ஊர் இல்லை. பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஊர். தொண்ணூறு வருடத்துக்கும் மேலாக, தலைமுறை தலைமுறையாக, வீடு வீடாகக் கேள்வி கேட்கப்பட்ட ஊர். இந்தியாவில் அப்படிப்பட்ட ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு வாத்தியார் கொடுத்த லீவு வேலை

1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளிகள் படிப்பதற்காகவே நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களை எப்படி வேலி போட்டு வளைத்தார்கள், அதில் குடியானவர்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்று 1907லேயே புத்தகம் எழுதியவர். ஆகவே கிராமம் என்றால் அவருக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை.

மெட்ராஸ் மாணவர்களுக்கு அவர் கொடுத்த வேலை எளிமையானது. 1916ல், "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? போகும்போது இந்தக் கேள்வித்தாளையும் எடுத்துப் போங்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்கிற மாதிரி ஒரு வேலை. யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மாடு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு. அவ்வளவுதான்.

அப்படி வந்தவற்றைத் தொகுத்து 1918ல் புத்தகமாக்கினார். தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட ஊர்கள் ஐந்து: தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், வடாற்காட்டில் தூசி. இன்றைக்கும் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றுதான் பெயர். உங்கள் சொந்த ஊர் இதில் ஒன்றாக இருந்தால், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் கூலி கணக்கு அச்சில் இருக்கிறது.

இருவேல்பட்டை அந்தப் புத்தகம் 'எருவெள்ளிப்பேட்டை' என்பது போல ஆங்கிலத்தில் எழுதியது. எழுதிய மாணவர் அந்த ஊர்க்காரரே. ஊரில் பெருநிலம் வைத்திருந்த ரெட்டியார் சமூகத்து இளைஞர்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1916ல் காலேஜ் படிக்க மெட்ராஸ் வரை போகக்கூடிய பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்? நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு, தன் இனத்தாரின் வயலில் வேலை செய்கிற படியாளிடம் போய் "உனக்குக் கூலி போதுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம் சாமி." வேறென்ன சொல்ல முடியும்?

அப்படியிருந்தும் படியாள் முறை எப்படி இருந்தது என்பது அந்தப் புத்தகத்தில் மறையவில்லை. அதுதான் ஆச்சரியம். படியாள் என்றால் வருடம் முழுக்க ஒரே பண்ணையில் வேலை. கூலி தானியமாகப் படியளக்கப்படும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு தொகை கடன் வாங்குவார்கள். அதைத் திருப்பித் தருகிற அளவுக்குக் கூலி எந்தக் காலத்திலும் மிஞ்சாது. அப்பன் செத்தால் கடன் பிள்ளை தலையில். பிள்ளையும் அதே பண்ணையில். கொத்தடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1976ல். ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதி அறுபது வருடம் கழித்து.

திரும்பத் திரும்ப வந்தவர்கள்

ஒரு தடவை எழுதியதோடு விட்டிருந்தால் அது பழைய புத்தகம், அவ்வளவுதான். விசேஷம் என்னவென்றால், பின்னால் வந்தவர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி மறுபடி போனார்கள்.

1936-37ல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். உலகப் பொருளாதார மந்தம் அடித்த அடி இன்னும் ஆறாத காலம். விளைச்சல் அதே அளவுதான், விலை மட்டும் ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. நல்ல விலை இருந்தபோது வாங்கிய கடன் மட்டும் சரியவே இல்லை. அந்தப் புத்தகம் 1940ல் வந்தது.

1961ல் மார்கரெட் ஹாஸ்வெல் என்கிற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வந்தார். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு கிராமம் ஒன்றைப் பல வருடம் ஆராய்ந்த அனுபவசாலி அவர்.

1981ல் எஸ். குகன். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. பிறகு அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவர். இருவேல்பட்டில் அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளர். பம்பு செட்டும் குட்டை ரக நெல்லும் ஊருக்கு ஊர் பரவிவிட்டிருந்த நேரம் அது. பச்சைப் புரட்சி என்று எல்லோரும் பேசினார்கள். நெல் கூடியது சரி, கூலிக்காரன் வீட்டுப் பானையில் எவ்வளவு கூடியது என்பதுதான் இவர்கள் கேட்ட கேள்வி.

கடைசியாக 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். அவர்கள் எழுதியது 2010ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வந்தது. 1916 தொடங்கி 2008 வரை, ஒரே ஊரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல்.

தொண்ணூற்றிரண்டு வருடத்தில் என்ன மாறியது? நிலம் பெரிதாகக் கை மாறவில்லை. யாரிடம் அதிகம், யாரிடம் ஒன்றுமே இல்லை என்று பார்த்தால் இடைவெளி இன்னமும் பெரிசு. நிலமில்லாதவர்களில் தலித் குடும்பங்களே அதிகம். ஆனால், நிலம் வைத்திருப்பவருக்கு ஆட்கள் மீது இருந்த பிடி தளர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் பண்ணை வீட்டு வாசலில் நின்றால்தான் வேலை, கடன், நெல் எல்லாம். இப்போது வேலைக்கு நெடுஞ்சாலையில் பஸ் ஏறிப் போகலாம், கட்டட வேலை இருக்கிறது. அரிசிக்கு ரேஷன் கடை. 2006ல் நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. பஞ்சாயத்தில் இட ஒதுக்கீடு. பண்ணையை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்து இதெல்லாம் மாறவில்லை. பண்ணையை நம்பி இருக்க வேண்டிய அவசியம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது.

அதற்காகச் சாதி போய்விட்டது என்று யாரும் எழுதவில்லை. அது வேறு சட்டை மாட்டிக்கொண்டு ஊரில்தான் இருக்கிறது.

இந்த விவரங்களை வைத்துக்கொண்டு 2024 டிசம்பர் காட்சியைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். சேறு வீசியதை நியாயப்படுத்த வேண்டியதில்லை, அது தப்புதான். ஆனால் 1916ல் அதே ஊரில், கூலி கேட்கவே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களின் வழிவந்தவர்களும் இன்று அங்கே இருக்கிறார்கள். வெள்ளம் வந்த மறுநாளே நெடுஞ்சாலையை மறித்து, அரசாங்கம் எங்கே என்று கேட்கிற ஊராக அது மாறியிருக்கிறது.

மாச வருமானம் எவ்வளவுங்க?

மூங்கில்துறைப்பட்டுக்கே திரும்புவோம். அதே மாதிரி ஒரு கேள்வித்தாளை இங்கே இன்றைக்கு நிரப்ப முயன்றால் எங்கெல்லாம் தடுக்கும் தெரியுமா?

முதல் கேள்வியிலேயே தடுக்கும். "மாச வருமானம் எவ்வளவுங்க?"

"மாசம்னு எங்க வருது? கரும்பு வெட்னா வரும்."

கரும்பு பத்திலிருந்து பன்னிரண்டு மாதப் பயிர். ஆலையில் பதிவு செய்து, வெட்டு உத்தரவு வந்து, வெட்டு ஆள் கிடைத்து, வண்டி கிடைத்து, எடை போட்டு, அப்புறம் பணம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். டன்னுக்கு 3,400. ஆனால் அது 10.25 சதவீத பிழிதிறன் இருந்தால். 9.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 315 ரூபாய் 10 காசு, அதாவது டன்னுக்கு 3,151. தமிழ்நாட்டு விவசாயிகளில் பலருக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது விலைதான். அதற்கு மேல் மாநில அரசு தருகிற ஊக்கத்தொகை.

கணக்குக்காக ஏக்கருக்கு 40 டன் என்று வைத்துக்கொள்வோம். 1,26,040 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல். அப்படி எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் பரவாயில்லை என்று ஆகிவிடும். ஆனால் அதில் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, கரணை, உரம், சோகை உரிக்க ஆள், கூட்டுறவுக் கடன் பிடித்தம் எல்லாம் போக வேண்டும். வீட்டு ஆட்கள் செய்த வேலைக்குக் கூலி போட வேண்டும். அதை யாரும் போடுவதே இல்லை. வயலில் களை எடுத்த மனைவியைக் கேட்டால், "நான் சும்மாதான் இருக்கேன், வீட்டு வேலை" என்பார். கேட்கிறவரும் 'இல்லத்தரசி' என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நாட்டில் வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு இந்த ஒரு டிக்கும் காரணம்.

அப்புறம், பணம் எப்போது வருகிறது என்பது. 1966ம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. காகிதத்தில் அப்படி. நிலுவைக்காகக் கரும்பு விவசாயிகள் போராடாத வருடம் தமிழ்நாட்டில் அபூர்வம். இடைப்பட்ட மாதங்களில் குடும்பம் ஓடுவது நகைக்கடனில். அந்த வட்டி கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் வரும்?

அடுத்தது, "வீட்ல எத்தனை பேர்?" இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா என்று தோன்றும். ஆய்வுகளில் ஒரு விதி உண்டு: ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். மூத்த மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் ஒருமுறை வருவான், வாரா வாரம் ஜிபேயில் அனுப்புவான். அவன் எந்த அடுப்பு? கல்வராயன் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் மாதக்கணக்கில் ஆலைப் பக்கத்துக் கொட்டகையில். அந்த நேரத்தில் சர்வே வந்தால் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரை எண்ண வேண்டுமோ அவர்கள்தான் விட்டுப்போகிறார்கள்.

செலவுக் கணக்கில் ஒரு கட்டம் எப்போதும் பொய் சொல்லும். குடிச்செலவு. ஆண்களைக் கேட்டால் "எப்பவாவது" என்பார்கள். அந்த அம்மாவைத் தனியாகக் கேட்டால் வாராவாரம் எவ்வளவு என்று ரூபாய் சுத்தமாகச் சொல்வார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூலிக்குப் போகிறவர்களே அதிகம். அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களுக்குச் சாலை இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரிக்க ஆரம்பித்தது. இத்தனை பேர் செத்த பிறகு கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாமே, முன்பே ஒரு சாதாரண கேள்வித்தாளில் கேட்டிருக்கக் கூடியவை.

இன்னொரு விசித்திரம். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ல். அடுத்தது 2027ல். அதாவது இந்த மாவட்டம், மாவட்டமாக இதுவரை ஒருமுறைகூட எண்ணப்படவில்லை. பழைய விழுப்புரம் கணக்கிலிருந்து தாலுகாவைப் பிரித்து எடுத்துக் கூட்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விவசாயி என்றால் யார்?

வெள்ளத்துக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு அடிப்படையில் 2,000 ரூபாய். இது ஓரளவு வேகமாகக் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் குடும்பங்களின் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது. யாரோ முன்பே எழுதிக்கொண்டு போன பட்டியல்.

பயிர் நிவாரணம் அப்படி இல்லை. நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். சரி, யாருக்கு? பட்டா சென்னையில் வேலை பார்க்கிற ஒருவர் பேரில் இருக்கும். பயிர் வைத்தவர் இங்கே குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்தவர். பேச்சு எல்லாம் வாய்ப்பேச்சு. அடங்கலில் இவர் பேர் இருக்காது. தண்ணீரில் முழுகியது இவர் போட்ட பணம். இருந்தாலும், ஆவணத்தில் விவசாயி அவர்.

குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் வந்தது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உடையவருக்குப் பயம். கேட்டால் அடுத்த வருடம் குத்தகையே கிடைக்காது என்று எடுப்பவருக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் சட்டம் படுத்துத் தூங்குகிறது. மத்திய அரசு வருடத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பி.எம். கிசான் திட்டமும் நிலம் பேரில் இருப்பவருக்குத்தான். 2025ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டபோதும் முதலில் கேட்டது பட்டாவைத்தான்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916ல் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: நிலம் யாருடையது, உழுகிறவர் யார். கிராம ஆராய்ச்சியில் அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அப்படியே கேட்டார்கள். அரசாங்கப் பாரங்களில்தான் அந்த இரண்டு கேள்வியும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டுப் போனது.

எதுனா குடுப்பாங்களா?

இப்போது அந்தத் திண்ணைக் கேள்விக்கு வரலாம். எழுதிக்கொண்டு போய் என்ன செய்தார்கள்?

நேரடியாகச் சொன்னால், எழுதிக்கொண்டு போனவர் கையில் எதுவும் கொடுக்கவில்லை. இருவேல்பட்டில் பதில் சொன்ன யாருக்கும் பத்து ரூபாய்கூட வந்ததில்லை. சில பேருக்கு டாக்டர் பட்டம் வந்தது, சில பேருக்குப் புத்தகம் வந்தது. அந்த வருத்தம் மக்களுக்கு இருந்தால் அதில் தப்பே இல்லை. எழுதியவர்கள் அதைத் தமிழில் திருப்பிக் கொண்டுவந்து ஊரில் வாசித்துக் காட்டியிருக்கலாம். இங்கிலீஷில் எழுதி இங்கிலீஷ் தெரிந்தவர்களே படித்துக்கொண்டார்கள்.

ஆனால் அது மட்டும் கதை இல்லை. இருவேல்பட்டுக்குப் போன குகன், பிறகு ஏழைகளுக்கான ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்பு பற்றி விடாமல் எழுதினார். வயசானவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தால் அவர் சோம்பேறியாகிவிட மாட்டார், வீட்டில் அவருக்கு ஒரு மரியாதை வரும் என்று சொல்ல, ஊரை நேரில் பார்த்த ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023ல் 1,200 ஆனது. நாடு முழுக்கத் தேசிய சமூக உதவித் திட்டம் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல். 2008ல் அங்கே போன மூவரில் ஒருவரான ஜெயரஞ்சன் 2021ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். எந்தத் திட்டமும் ஒரே ஒரு ஆய்வால் வருவதில்லை. ஆனால் 'ஊரில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால், இல்லை என்று காட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023ல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு எழுதியபோது கேட்ட கேள்விகள் நினைவிருக்கும்: வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழேயா, நஞ்சை ஐந்து ஏக்கருக்குள்ளா, புஞ்சை பத்து ஏக்கருக்குள்ளா, கரண்டு வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ளா. அதுவும் ஒரு கேள்வித்தாள்தான். அதில் ஒரு கட்டத்தில் தப்பாக விழுந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் போச்சு. தொடக்கத்தில் சுமார் 1.06 கோடி பேருக்கு வந்தது, மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள்.

ஆகவே, அடுத்த முறை டேப்லெட்டோடு ஒரு பொண்ணு வாசலில் வந்து நின்றால் "இன்னா பண்ணுவீங்க" என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எந்த நிறுவனம், எதற்கு, முடிவை ஊருக்குச் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். நல்ல ஆய்வாளராக இருந்தால் பதில் சொல்வார். ஆதார் நம்பர், ஓ.டி.பி. கேட்டால் அது ஆய்வே இல்லை, வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஸ்லேட்டரின் 1918 புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனிலேயே புரட்டலாம். காலேஜில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அதே வேலையை இன்னொரு முறை செய்து பார்க்கலாம். பல்கலைக்கழகம் தேவையில்லை, நாற்பது பக்க நோட்டு போதும். தாத்தா பாட்டி இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஆயா, நீ மொதமொதல்ல கூலிய நெல்லா இல்லாம காசா வாங்குனது எந்த வருஷம்? எவ்வளவு?"